பதினாலாம் வசனத்துக்கு அப்புறம்

வீட்டில் யாருக்காவது நாள்பட்ட வியாதி இருந்து, "இந்தச் சுகமளிக்கும் ஜெபக் கூட்டத்துக்கு ஒருதடவை வந்து பாருங்க சிஸ்டர்" என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால், கிளம்புவதற்கு முன் வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் 5ஆம் அதிகாரத்தை எடுத்து முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை வாசித்துவிட்டுப் போங்கள். மொத்தமே 27 வசனம். நாகமான் கதைதானே, ஞாயிறு பள்ளியிலேயே படித்தாயிற்று என்று நினைப்பீர்கள். நானும் படித்தவள்தான். வேதாகம வினாடி வினாவில் ஆப்னா, பர்பார் என்று தமஸ்கு நதிகளின் பெயரைச் சொல்லிப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ஆனால் 14ஆம் வசனத்துக்கு அப்புறம் அந்த அதிகாரத்தில் என்ன நடக்கிறது என்பதை நான் நிதானமாக வாசித்தது, ஏறத்தாழ 1,65,000 ரூபாய் கையைவிட்டுப் போய், மகள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான்.

மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வலிப்பு ஆரம்பித்தது. வீட்டுக்காரர் குவைத்தில். நானும் அவளும் மாமியாரும் மட்டும்தான் வீட்டில். ராத்திரி தூக்கத்தில் கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளியதைப் பார்த்ததும் மாமியார் ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள். மறுநாள் நரம்பு டாக்டரிடம் போனோம். இ.இ.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். காலையும் இரவும் மாத்திரை. வலிப்பு நன்றாகக் குறைந்தது, ஆனால் முழுசாக நிற்கவில்லை. சில மாதம் ஒன்றும் இருக்காது, பரீட்சை நேரத்தில் தூக்கம் கெட்டால் திரும்ப வந்துவிடும். "கொஞ்சம் பொறுங்கம்மா, டோஸ் சரிபண்ணணும்" என்றார் டாக்டர். எனக்குத்தான் பொறுமை இல்லை என்பதைவிட, பயம் அதிகம். பெண்பிள்ளை. நாளைக்குக் கல்யாணம் என்று வரும்போது யார் எடுப்பார்கள் என்ற பயம். அதனால் இந்த விஷயத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் அக்காவுக்குத் தெரியாது. சபைப் போதகருக்குத் தெரியாது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக்குறிப்பு கேட்கும்போதெல்லாம் "குடும்பத்துக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

பிற்பாடு யோசித்துப் பார்க்கையில், எல்லாமே இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது. தெரிந்தவர்களிடம் சொல்ல முடியாத துக்கத்தை யாரிடம் சொல்லலாம்? தெரியாதவர்களிடம் சொல்லலாம். ஊரை விட்டு இரண்டு பஸ் மாறிப் போகிற கூட்டத்தில் என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. அங்கே மேடையில் நின்றவர் "இந்தக் கூட்டத்தில் ஒரு தாய், மகளுடைய வியாதியை மறைத்துக்கொண்டு வந்திருக்கிறாய்" என்றபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆயிரம் பெண்கள் உட்கார்ந்திருக்கிற பந்தலில் அப்படி ஒரு தாய் இல்லாமல் இருப்பாளா என்று இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை. அழுதேன். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அது. அழுது முடித்ததும் மனசு லேசானதும் உண்மை. அந்த லேசான மனசோடுதான் பெயர், போன் நம்பர், வியாதி, வருமானம் எல்லாம் எழுதி வாங்கும் மேசைக்குப் போனேன்.

நாகமான் கதையை முதலில் எடுத்தது அவர்தான். அடுத்த கூட்டத்தில் அருமையாகப் பிரசங்கம் பண்ணினார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சீரிய ராஜாவின் படைத்தலைவன், பராக்கிரமசாலி, ஆனாலும் குஷ்டரோகி. இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்து வந்த ஒரு சிறு பெண் வழிகாட்டுகிறாள். அவன் சமாரியாவுக்கு வருகிறான். எலிசா தீர்க்கதரிசி, யோர்தான் ஆற்றில் ஏழுதரம் முழுகு என்கிறார். அவன் முழுகுகிறான், மாம்சம் சிறுபிள்ளையின் மாம்சத்தைப்போல ஆகிறது. அல்லேலூயா. இங்கே வேதத்தை மூடிவிட்டு, "ஆறு தரம் முழுகியிருந்தால் சுகம் கிடைத்திருக்குமா?" என்று கேட்டார். கூட்டம் "இல்லை" என்று கத்தியது. அப்புறம் திட்டம் வந்தது. ஏழு வாரம், ஏழு உபவாசக் கூட்டம், ஏழு கவர். ஒவ்வொரு கவரிலும் அவரவர் விசுவாசத்தின் அளவுக்கு ஒரு காணிக்கை. எனக்குப் போனில் பேசிய சிஸ்டர், "ஏழாயிரம்னு வைங்க, ஏழு பரிபூரண எண்" என்றார். ஏழு கவருக்கு 49,000 ரூபாய். வீட்டுக்காரர் அனுப்பிய பணத்தில் சீட்டுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

ஆறாம் வாரம் மகளுக்கு வலிப்பு வந்தது. போன் பண்ணி அழுதேன். "பரம்பரைச் சாபம் தடுக்குது, அதை உடைக்க ஒரு பெரிய விதை விதைக்கணும்" என்று பதில் வந்தது. சாறிபாத் விதவை கடைசி மாவைத் தீர்க்கதரிசிக்குக் கொடுத்தாள் அல்லவா, அதுபோல உங்கள் கையில் கடைசியாக இருப்பது எது என்று கேட்டார்கள். கழுத்தில் இருந்த நாலு பவுன் சங்கிலிதான் கடைசி. அடகு வைத்து ஒரு லட்சம் அனுப்பினேன். மீதிப் பணம் எண்ணெய் பாட்டில், ஜெபத் துணி, போக வர வண்டிச் செலவு, லாட்ஜ் என்று போனது. அடகு வட்டி தனி. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. "அவிசுவாசமான வாயிலிருந்து வரும் வார்த்தை அற்புதத்தைத் தடுக்கும், முடிகிறவரைக்கும் யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அறிவுறுத்தியிருந்தார்கள். ஏற்கெனவே ரகசியமாக வைத்திருந்தவளுக்கு அந்த அறிவுரை எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் பாருங்கள்.

மாத்திரையை நிறுத்துங்கள் என்று அவர்கள் நேரடியாக ஒருநாளும் சொல்லவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "மருந்தை நம்புகிறீர்களா, மருந்தை உண்டாக்கினவரை நம்புகிறீர்களா?" என்று கேள்வியாகத்தான் கேட்டார்கள். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுகமானோம் என்று சாட்சி சொன்னவர்களை மேடையில் ஏற்றினார்கள். நான் நிறுத்தவில்லை. ஆனால் தினமும் காலையில் மாத்திரையை அவள் கையில் கொடுக்கும்போது ஏதோ திருட்டு வேலை செய்கிற மாதிரி எனக்குள் ஒரு குற்ற உணர்ச்சி. கடைசியாகப் போன் பண்ணியபோது, "தாய்க்கு விசுவாசம் இல்லை, ஒரு கையில் மாத்திரையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டுகிறீர்கள்" என்றார்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரிக்க மனசு வரவில்லை. அம்மாவுக்கு விசுவாசம் இல்லாததால்தான் தனக்குச் சுகமாகவில்லை, அந்த விசுவாசத்தை நான் காட்டுகிறேன் என்று பிள்ளை தானாகவே மாத்திரையை விழுங்குவதை நிறுத்திவிட்டாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதுபோல் காட்டிவிட்டு, துப்பி ஒளித்துவைத்திருக்கிறாள். குளியலறையில் விழுந்து நெற்றி கிழிந்தது. ஒரு வலிப்பு நிற்பதற்குள் அடுத்தது. 108ஐக் கூப்பிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். அந்த மாத்திரைகளை அப்புறம் கண்டுபிடித்தேன். அவளுடைய வேதாகமத்தின் ஜிப் உறைக்குள், முன்பக்கப் பையில், காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், முன்பு வந்ததைவிட மோசமாக வலிப்பு திரும்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், குறைப்பதாக இருந்தாலும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று விளக்கினார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு வலிப்பே வராமல் கட்டுக்குள் வந்துவிடும் என்றும் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை இரண்டு வருஷத்துக்கு முன்பே உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

வார்டில் ராத்திரி தூக்கம் வராது. போனில் வேதாகமம் இருந்தது. கோபத்தில்தான் அந்த அதிகாரத்தைத் திறந்தேன். ஏழு தரம் முழுகினேனே, எனக்கு ஏன் நடக்கவில்லை என்று ஆண்டவரோடு சண்டை போடுகிற நினைப்பு. 14ஆம் வசனத்தைத் தாண்டி வாசித்துக்கொண்டே போனேன்.

சுத்தமான நாகமான் திரும்பி எலிசாவிடம் வருகிறான். இஸ்ரவேலின் தேவனைத் தவிர பூமியெங்கும் வேறே தேவன் இல்லை என்று அறிந்தேன் என்கிறான். காணிக்கை வாங்கிக்கொள்ளும் என்று கெஞ்சுகிறான். அவன் கொண்டுவந்தது கொஞ்சநஞ்சம் இல்லை. பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று வஸ்திரம். ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம் என்று வைத்துக்கொண்டால், பொன் மட்டும் எட்டாயிரம் பவுனுக்கு மேல் வரும். வெள்ளி 300 கிலோவுக்குக் குறையாது. எலிசா ஏழை. அவரைச் சுற்றியிருந்த தீர்க்கதரிசிகளின் கூட்டத்தார் பஞ்சத்தில் காட்டுக்காயைப் பறித்துக் கூழில் போட்டுச் சாப்பிட்டவர்கள். ஒருவன் இரவல் வாங்கிய கோடரி தண்ணீரில் விழுந்ததற்கு, "ஐயோ, அது இரவலாக வாங்கப்பட்டதே" என்று அலறுகிறான். தேவை இல்லை என்று சொல்ல முடியாத இடம். ஆனாலும் எலிசா, கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு சொல்லுகிறேன், வாங்கமாட்டேன் என்கிறார். அவன் வற்புறுத்தியும் வாங்கவில்லை.

ஏன் வாங்கவில்லை? நாகமான் வந்த நாட்டில் தெய்வத்துக்கும் மனுஷனுக்கும் நடுவே எப்போதும் ஒரு விலை இருந்தது. கையில் பொன்னோடு புறப்பட்டதே அதனால்தான். எலிசா ஒரு சேக்கல் வாங்கியிருந்தால்கூட, ஊருக்குப் போய் "நல்ல தேவன், கொஞ்சம் விலை கூடுதல்" என்று சொல்லியிருப்பான். இப்போது அவன் கொண்டுபோகும் செய்தி வேறு. அந்த தேவன் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. பவுல் எபேசியருக்கு எழுதும்போது, கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்கிறாரே, அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தப் படைத்தலைவன் அதை அனுபவித்துவிட்டான். மனப்பாட வசனமாக நான் சொல்லாத வருஷமில்லை. ஏழு கவரை அடுக்கிவைத்துக்கொண்டே அந்த வசனத்தைச் சொல்லியிருக்கிறேன்.

அதற்கடுத்து கேயாசி வருகிறான். எலிசாவின் வேலைக்காரன். என் எஜமான் இந்தச் சீரியன் கையிலிருந்து ஒன்றும் வாங்காமல் விட்டுவிட்டாரே என்று பின்னாலேயே ஓடுகிறான். அவன் கேட்கிற விதத்தைக் கவனியுங்கள். எனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு வஸ்திரமும் தாரும் என்கிறான். ஊழியத்தின் பெயரால், இல்லாத ஏழைகளின் பெயரால் கேட்கிறான். நாகமான் சந்தோஷமாக இரண்டு தாலந்தாகவே கொடுக்கிறான். ஏமாந்தோம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. நன்றியுள்ள மனுஷனை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம். எனக்கு வந்த போன்களிலும் "அநாதைப் பிள்ளைகளுக்கு", "வடநாட்டு ஊழியத்துக்கு" என்றுதான் கேட்டார்கள். எலிசா கேயாசியைப் பார்த்து, பணமும் வஸ்திரமும் ஒலிவத்தோப்பும் திராட்சத்தோட்டமும் வாங்குவதற்கு இதுதானா காலம் என்கிறார். நாகமானின் குஷ்டம் அவன்மேல் வருகிறது. தண்டனை கொஞ்சம் அதிகம்தானோ என்று சின்ன வயதில் தோன்றியிருக்கிறது. அன்றைக்கு வார்டில் அப்படித் தோன்றவில்லை.

சரி, சாறிபாத் விதவை கொடுத்தாளே என்று கேட்பீர்கள். என்னிடம் இருந்து ஒரு லட்சத்தை எடுத்த கதை அதுதான் என்பதால் அதையும் எடுத்து வாசித்தேன். அவள் எலியாவுக்குக் கொடுத்தது ஒரு சின்ன அடை. பஞ்ச காலத்தில் பசித்து வந்தவருக்குச் சாப்பாடு. அவரும் அதே வீட்டில் தங்கி அவளோடும் பிள்ளையோடும் அதே மாவைச் சாப்பிடுகிறார். பிறகு அவள் மகன் வியாதிப்பட்டுச் சாகிறான். மகனின் உயிருக்காக எலியா அவளிடம் என்ன வாங்கினார்? ஒன்றுமில்லை. "உன் மகனை என்னிடத்தில் தா" என்று பிள்ளையைத்தான் வாங்கினார். கடன்காரன் பிள்ளைகளைப் பிடிக்க வந்தபோது எலிசாவிடம் அழுத விதவைக்கு எண்ணெய் பெருகிற்று. அதை விற்றுக் கடனை அடைத்து மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் தீர்க்கதரிசி. எனக்கு ஒரு குடம் என்று கேட்கவில்லை. பாகால்சலீஷாவிலிருந்து ஒருவன் முதற்பலனாக வாற்கோதுமை அப்பங்களைக் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், ஆனால் உடனே, ஜனங்களுக்குச் சாப்பிடக் கொடு என்றுவிட்டார். ஆகவே காணிக்கையே தப்பு என்று நான் சொல்லவில்லை. இப்போதும் சபையில் தசமபாகம் கொடுக்கிறேன், ரசீது வாங்குகிறேன், வருஷக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கிறார்கள். சுகத்துக்கு விலையாக ஒருவர் கேட்டால் அது காணிக்கை இல்லை. எலிசாவின் கதைகளை வரிசையாக வாசித்து, பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, நாகமானின் விசுவாசம் எவ்வளவு என்பது. மேடையில் அவனைப் பெரிய விசுவாச வீரனாகக் காட்டினார்கள். வேதத்தில் அப்படி இல்லை. அவன் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறவன். தீர்க்கதரிசி வெளியே வந்து நின்று, தன் தேவனுடைய நாமத்தைச் சொல்லி, கையை அசைத்துக் குணமாக்குவார் என்று எதிர்பார்த்தேன் என்கிறான். அவன் கேட்டது அப்படியே எங்கள் மேடையில் நடந்த காட்சிதான், மைக்கும் கீபோர்டும் மட்டும் கூடுதல். எலிசாவோ வாசலுக்குக்கூட வரவில்லை, ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறார். தமஸ்கு நதிகள் மலையிலிருந்து இறங்கி வருகிற நல்ல தண்ணீர். யோர்தான் பள்ளத்தாக்கில் கலங்கி ஓடுகிற ஆறு. அங்கே முழுக எந்தத் தகுதியும் வேண்டாம், ஆடு மேய்க்கிறவனும் முழுகலாம். படைத்தலைவனுக்கு அதுதான் அவமானம். வேலைக்காரர்கள் "தகப்பனே" என்று நயந்து பேசி, பெரிய காரியம் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே என்று கேட்டபிறகுதான் இறங்குகிறான். அரை மனசோடு இறங்கியவனைத்தான் தேவன் சுத்தமாக்கினார். வேறே தேவன் இல்லை என்ற அறிக்கை, தண்ணீரிலிருந்து ஏறியபிறகுதான் வருகிறது. முதலில் விசுவாசத்தை எடைபோட்டு, போதுமான எடை இருந்தால் சுகம் என்ற கணக்கு அங்கே எங்கேயும் இல்லை. மாற்கு 9இல் மகனுக்காக வந்த அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனுக்கும் என் மகளுக்கு வந்தமாதிரிதான், நுரை தள்ளி, பல்லைக் கடித்து, விறைத்துப்போகிறான். விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று அந்த அப்பா கண்ணீரோடு சொல்கிறார். இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

சுகம் கிடைக்காவிட்டால் விசுவாசம் இல்லை என்பதும் பொய். லூக்கா 4ஆம் அதிகாரத்தில் இயேசுவே நாகமானைப் பற்றிப் பேசுகிறார். எலிசாவின் காலத்தில் இஸ்ரவேலில் அநேக குஷ்டரோகிகள் இருந்தார்கள், சீரியனாகிய நாகமானைத் தவிர ஒருவனும் சுத்தமாகவில்லை என்கிறார். கேட்டவர்களுக்குக் கோபம் வந்து அவரை மலையிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். சமாரியா முற்றுகையிடப்பட்டபோது வாசலில் நாலு குஷ்டரோகிகள் உட்கார்ந்திருந்தார்கள். எலிசா உள்ளேதான் இருந்தார். அவர்கள் சுகமானதாக எழுதியில்லை. ஆனால் சீரியர் ஓடிவிட்ட நற்செய்தியை நகரத்துக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான், பட்டினியில் செத்துக்கொண்டிருந்த ஊர் அவர்களால் சாப்பிட்டது. எலிசாவே கடைசியில் வியாதிப்பட்டுத்தான் மரித்தார், இரண்டாம் இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. இந்த ஒரு வரியை எந்த அற்புதக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் எழுதினார், விதை விதை என்று எழுதவில்லை. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னது ஏசாயா தீர்க்கதரிசி. மருந்து அவிசுவாசம் என்றால் இவர்களெல்லாம் யார்?

மகள் கண் விழித்துப் பேச ஆரம்பித்த பிறகு இந்த அதிகாரத்தை அவளுக்கும் முழுசாக வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் கேட்டது, "அப்போ என்மேல ஆண்டவருக்குக் கோபம் இல்லையாம்மா?" என்பதுதான். பணம் போனதைவிட எனக்கு வலித்தது அது. இத்தனை மாதம் அந்தப் பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறாள்.

வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம், "சங்கிலி மூழ்கிடாம வட்டியைக் கட்டு, மத்ததை நான் வந்து பார்க்கறேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டும் பார்த்தேன். கர்த்தருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டால், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துப் பொய் சொல்லி விழுந்து செத்த அனனியா சப்பீராள் கதி என்று பதில் வந்தது. அந்தக் கதையிலும் பேதுரு, விற்பதற்கு முன் அது உன்னுடையதாக இருந்ததே, விற்றபின்னும் அது உன் வசத்தில் இருந்ததே என்கிறார், கொடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்று எழுதி அனுப்பினேன். என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டார்கள். பணம் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வட்டி கட்டி, சங்கிலியை மட்டும் மீட்டோம்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஜெபத்துக்குப் போங்கள், நானும் போகிறேன். ஆனால் ஜெபத்துக்குத் தொகை சொன்னால், சுகத்துக்குத் தேதி குறித்தால், கவரில் எண் போட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டுக்காரரிடமும் போதகரிடமும் சொல்லாதே என்று யாராவது சொன்னால் அன்றைக்கே அந்த இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். பெயரையும் வியாதியையும் வருமானத்தையும் எழுதிக் கொடுக்காதீர்கள், அடுத்த கூட்டத்தில் "ஆண்டவர் வெளிப்படுத்தினார்" என்று அது திரும்பி வரும். வியாதிக்காரப் பிள்ளையின் காதுபட விசுவாசம் பற்றி யாரோடும் வாக்குவாதம் பண்ணாதீர்கள். வலிப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மாத்திரை அட்டையில் எத்தனை மீதி என்று வாரம் ஒருமுறை எண்ணுங்கள், அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கும். வலிப்பு வந்தால் சாவி வேண்டாம், வாயில் கரண்டியோ துணியோ வைக்க வேண்டாம். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு மெத்தென்று ஏதாவது கொடுத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ 108.

மறைத்து வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாகமான் வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அடிமைப்பெண் வரைக்கும் தெரிந்திருந்ததால்தான் அவளால் ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடிந்தது. நான் போதகரிடம் சொன்னபோது, அவருடைய தம்பிக்கும் இதே வியாதி, மாத்திரையோடு இருபது வருஷமாக வேலைக்குப் போகிறார், மனைவி பிள்ளைகளோடு இருக்கிறார் என்றார். ஒரே தெருவில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாது.

மகள் இப்போது வெளியூரில் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். சேர்ந்த முதல் வாரமே அறைத்தோழிகளிடம் சொல்லிவிட்டாள், எப்படி ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும் என்று தரையில் படுத்துக் காட்டினாளாம். போன வருஷம் முழுக்க வலிப்பு இல்லை. இன்னும் கொஞ்ச காலம் இப்படியே போனால் மாத்திரையைக் குறைப்பது பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கல்யாணப் பேச்சு வரும்போது முதலிலேயே சொல்லிவிடுவது என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்திருக்கிறோம். மாமியாருக்கு அதில் இன்னும் சம்மதம் இல்லை.